ஏழுமலைப் பனியாறு

1

காணும் பொங்கலன்று நான் விடுப்பு எடுப்பதில்லை. எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவிலுள்ள இந்த ஹோபார்ட் நகரத்தில் அது எல்லா நாளையும் போல ஒரு நாள். ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் எனக்கு வேலை. மெல்ல முடியாதவர்களுக்குக் கேரட்டை வேகவைத்து அரைத்து, அரைத்த விழுதைக் கேரட் வடிவ அச்சில் ஊற்றி, மறுபடியும் கேரட் போலவே தட்டில் வைக்க வேண்டும். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே வந்த புதிதில் நானும் சிரித்தேன்.

வேலைக்குப் போகும் பேருந்து துறைமுகத்தை ஒட்டிப் போகும். ஜனவரி இங்கே கோடைக்காலம். தெற்கே பனிக்கண்டத்துக்குப் போகிற கப்பல்கள் அப்போதுதான் வந்து நிற்கும். அந்த வளைவு வந்ததும் கைபேசியை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். என் தம்பி சரவணன் அப்படி ஒரு கப்பலில் ஏறித்தான் அண்டார்டிகா போனான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காணும் பொங்கலன்று அங்கே ஒரு பனியாற்றின் பிளவுக்குள் விழுந்தான். இன்னும் அதற்குள்தான் இருக்கிறான்.

அந்தப் பனியாற்றுக்கு இப்போது ஒரு பெயர் உண்டு. அவன் பெயர் இல்லை. அது எப்படி ஆயிற்று என்பது ஊரில் பலருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. நடந்தது இதுதான்.

2

எங்களுக்குச் சொந்த ஊர் கருங்குழி. அம்மா கன்னியம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அப்பா ஏழுமலை, சரவணன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே மதுராந்தகத்தில் இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். தொலைவில் எங்கும் போகவில்லை, பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஊர். சரவணனை ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் போனாள். அவர் வாசலிலேயே நிறுத்தி, "எனுக்கும் இத்துக்கும் சம்மந்தம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 'இது' என்று சொன்னது அவனைத்தான். தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, கையெழுத்து இல்லாமலே சேர்த்துக்கொண்டார். ஆனால் இனிஷியல் 'ஏ' என்றே பதிவாயிற்று.

அவன் வளர்ந்து பொக்லைன் ஓட்டுநர் ஆனபோது, வண்டியின் முன்கண்ணாடியில் மஞ்சள் பெயிண்டில் 'க. சரவணன்' என்று எழுதிக்கொண்டான். கன்னியம்மாவின் 'க'. ஊரில் எங்கே கையெழுத்துப் போட்டாலும் அப்படித்தான் போடுவான். பாஸ்போர்ட்டில் மட்டும் அது நடக்கவில்லை. சான்றிதழில் உள்ளபடிதான் போடுவோம் என்றார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏழுமலை வந்து உட்கார்ந்தது.

திருப்போரூர்ப் பக்கம் மனைப் பிரிவுகளை நிரவினான். நாவலூரில் அடுக்குமாடிகளுக்குப் பள்ளம் தோண்டினான். என் கணவர் ரமேஷ் அப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச வருடத்தில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம். பின்னாலேயே சரவணனும் கனரக வண்டி மெக்கானிக்காக வந்து, எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கினான். என் மகள் நிலாவுக்குத் தமிழ் வந்ததென்றால் அவனால்தான். "இன்னா மாமா, இன்னா சமாச்சாரம்?" என்று கேட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே திரிவாள். அவள் அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எனக்கு அது காதில் விழும்போதெல்லாம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

பிறகு பனிக்கண்டத்தில் வட ஐரோப்பிய நாடு ஒன்று வைத்திருந்த ஆய்வு நிலையத்தில் பனிமேல் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டிகளை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் எடுத்தார்கள். கோடை முழுக்க அங்கே, மற்ற மாதங்களில் இங்கே. இரண்டு பருவம் போய் வந்தான். சாட்டிலைட் போனில் பேசுவான்.

"எக்கா, இங்க எங்க தோண்டினாலும் ஐஸுதான். மண்ணையே பாக்கல."

"குளுருதாடா?"

"அத்த வுடு. மேப்ப பாத்தேன். பாதி எட்துக்குப் பேரே இல்லக்கா. நம்மூர்ல ஆடு தண்ணி குடிக்கிற குட்டைக்கும் ஒரு பேரு கீது. இங்க பாலாறு மாதிரி பத்து மடங்கு ஆத்த நம்பர் போட்டு வச்சிகீறானுங்கோ."

மூன்றாவது பருவத்தில், அப்படி நம்பர் போட்டிருந்த ஒரு பனியாற்றைக் கடக்கையில், எரிபொருள் ஏற்றிய சறுக்குவண்டியைத் தன் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு அவன் முன்னால் போனான். பிளவின் மேல் பனி மூடிக் கூரை போலிருந்தது. அது உடைந்து வண்டியோடு உள்ளே போனான். பின்னால் வந்தவர்கள் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். கயிறு முடிகிற இடம் வரைக்கும் வண்டியும் தெரியவில்லை, அவனும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பனிக்காற்று வந்துவிட்டது, திரும்பிவிட்டார்கள்.

3

அந்தக் குழுவின் தலைவன் ஹென்ரிக். சரவணனைவிடக் கொஞ்சம் மூத்தவன். கப்பல் திரும்பியபோது நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தான். நான் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன்.

மேலே ஒரு மேட்டுநிலம், முழுக்கப் பனி. அது கரிய பாறை முகடுகளுக்கு இடையில் புகுந்து, வளைந்து, அகன்று, கடலில் போய் நாக்கு நீட்டியது போல மிதக்கிறது. அதுதான் அந்தப் பனியாறு. அவன் விழுந்தது மேல்பகுதியில், முகடுகள் நெருங்கும் இடத்துக்குக் கீழே. ஹென்ரிக் அங்கே விரலை வைத்தான். விரலை எடுத்த பிறகு பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்.

அம்மா கேட்டாள். "ஆறுன்றீங்கோ. ஆறுன்னா ஓடுமே. இந்த ஆறு ஓடுதா இல்லியா?"

ஓடுகிறது, மிக மெதுவாக, என்றான் ஹென்ரிக்.

"அப்ப அவன கடலாண்ட கொண்டாந்து வுடும்ல. எப்போன்னு கேளு. நான் வந்து நிக்கிறேன்."

நான் கேட்டேன். ஹென்ரிக் வரைபடத்தைப் பார்த்தான், பிறகு எதிரே உட்கார்ந்திருந்த நிலாவைப் பார்த்தான். அவன் கடலுக்கு வந்து சேரும்போது இந்தக் குழந்தையின் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள் என்று தணிந்த குரலில் சொன்னான்.

"இன்னா சொல்றான்?" என்றாள் அம்மா.

"லேட்டாவுமாம்மா."

அம்மா தலையாட்டினாள். இப்படி எத்தனையோ மொழிபெயர்ப்பு செய்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில், வங்கியில், நிலாவின் பள்ளிக்கூடத்தில். அன்றைக்குப் போல எப்போதும் வாய் கசந்ததில்லை.

4

பெயர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தேவையைக் கிளப்பியது தாலுகா ஆபீஸ்.

கருங்குழியில் சரவணன் அம்மாவுக்கு இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டியிருந்தான். மனையும் கரண்டும் அவன் பேரில். அவற்றை மாற்ற அவனுடைய இறப்பும் வாரிசும் பதிவாக வேண்டும். அந்த வெளிநாடு கொடுத்த சான்றிதழை முத்திரைகளோடும் மொழிபெயர்ப்போடும் அனுப்பினேன். இறந்த இடம் என்ற இடத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டிருந்தது.

அம்மா போனில் சொன்னாள். "எந்த ஊர்ல செத்தான்னு கேக்கிறாங்கோ. கிராமம் இன்னா, தாலுகா இன்னான்னு கேக்கிறாரு. வெறும் நம்பரு கீது, ஊர் பேரு இல்லாம கம்ப்யூட்டரு எட்த்துக்கலியாம். நான் இன்னாத்த சொல்றது? செத்த எடத்துக்கு ஒரு பேரு இருக்காதாடி?"

"இல்லம்மா. அங்க யாரும் குடியில்ல."

"எம் புள்ள கீறான்ல."

இதை ஹென்ரிக்குக்கு எழுதினேன். அவன் உடனே பதில் போட்டான். அவர்கள் நாட்டில் பனிக்கண்டத்து இடங்களுக்குப் பெயர் வைக்கிற குழு ஒன்று இருக்கிறதாம். அங்கே உயிரை விட்டவர்களின் பெயரை வைப்பது வழக்கமாம். சரவணனின் பெயரைத் தானே முன்மொழிவதாகச் சொன்னான். நிலாவுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. மாமாவைப் பற்றி அவளே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பொக்லைனைப் பற்றி, மஞ்சள் எழுத்தைப் பற்றி, நிலையத்தில் அவன் வைத்த ரசத்தைப் பற்றி. படித்துவிட்டு நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். "சரவணன் பனியாறு" என்று அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். சரியாகக் கேட்காமல், "பணியாரமா?" என்றாள். அவன் செத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முடிவு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நிலா உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். "இன்னா மாமா" போய்விட்டது. அம்மாவிடம் பேசக் கூப்பிட்டால், திரையில் பாதி முகத்தைக் காட்டிக் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிடுவதால் அது சண்டையாகவும் ஆவதில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது ஹென்ரிக்கின் செய்தி வந்தது. வாழ்த்துகள், குழு ஏற்றுக்கொண்டது, உலகப் பொதுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது என்று எழுதி, வரைபடத்தின் படத்தையும் அனுப்பியிருந்தான். கரிய முகடுகளிலிருந்து கடல் வரைக்கும் எழுத்துகள் ஆற்றோடு சேர்ந்து வளைந்து போயின. விரலால் பெரிதாக்கிப் படித்தேன்.

ஏழுமலைப் பனியாறு.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

5

ஹென்ரிக் மேல் கோபப்பட முடியவில்லை. அவன் சரவணன் என்றுதான் முன்மொழிந்திருக்கிறான். மனிதர்களை நினைவுகூரும்போது குடும்பப் பெயரைத்தான் வைப்பது என்பது குழுவின் விதி. பாஸ்போர்ட் நகலைப் பார்த்து அவர்களே திருத்திவிட்டார்கள். ஹென்ரிக்குக்கு அதில் பெருமைதான். "உங்கள் குடும்பத்துக்கே மரியாதை" என்றான். போனில் அந்தப் பெயரை அவன் "எலுமலாய்" என்றான். என் அப்பாவின் பெயர் அவன் வாயில் அவ்வளவு மென்மையாக ஒலித்தது.

குழுவுக்கு எழுதினேன். எங்களில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. ஏழுமலை என்பது அவன் பெயர் இல்லை, அவன் அப்பாவின் பெயர். அந்த மனிதர் இவனை வளர்க்கவில்லை. இவன் அந்த எழுத்தைக்கூடப் போட்டுக்கொண்டதில்லை. தயவுசெய்து சரவணன் என்று மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் கன்னியம்மா என்று வையுங்கள்.

குழுவின் செயலாளர் ஒரு பெண்மணி. பதிலில் அவ்வளவு கனிவு. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் எல்லா நாட்டிலும் குடும்பப் பெயர் என்பது அப்பாவிடமிருந்து வருவதுதானே, என் பெயரும் என் அப்பாவின் பெயர்தான், அவரும் நல்ல அப்பாவாக இருந்ததில்லை என்று எழுதியிருந்தார். வெளியான பெயரை மாற்றினால் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் குழப்பம் வரும் என்றும் சேர்த்திருந்தார்.

இதற்கு என்ன பதில் எழுதுவது? அவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. என் ஆங்கிலத்தில் இதற்கு மேல் விளக்க வழியும் இல்லை. நிலாவிடம் இன்னொரு தடவை எழுதித் தரச் சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்த இயர்போனை எடுத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, தாத்தா பேர்ல என்ன ராங்?"

எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சே எடுப்பதில்லை. அவளுக்கு எங்கிருந்து தெரியும்?

6

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் நாள் தள்ளிக்கொண்டிருந்தபோது, அம்மாவே கூப்பிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டாண்ட பேனரு கட்டிகீறானுங்கோ. அந்த ஆளு மூஞ்சிய இம்மாம் பெர்சா போட்டு."

"எந்த ஆளும்மா?"

"உங்க நைனாதான், வேற எவன்? உலக மேப்புல ஏழுமலைன்னு எழுதிகீதாம். பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சி சொல்லிச்சி. மூலையில தீப்பெட்டி சைசுல நம்ப சரவணன் போட்டோ. அது இன்னாடி, அந்த ஆளு பேரா வச்சிகீறாங்கோ?"

சொன்னேன். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எதுனா எழுதி மாத்தச் சொன்னியா?"

"எழுதினேம்மா. ஆவாதுன்னுட்டாங்க."

"செரி வுடு" என்று வைத்துவிட்டாள்.

செய்தி ஊருக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. யாரோ இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். மதுராந்தகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "எம் புள்ளைய கஷ்டப்பட்டு வளர்த்தேன்" என்று அவர் பேசிய வீடியோவை ரமேஷின் நண்பர் ஒருவர் அனுப்பினார். நான் முழுதாகப் பார்க்கவில்லை. கீழே இருந்த வாழ்த்துகளில் நிலாவின் பெயர் இருந்தது. ஒரு சிவப்பு இதயமும் 'என் தாத்தா' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் போட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்து, பள்ளிக்கூடக் கையெழுத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். எனக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது. கேட்டுவிட்டு, அது ரொம்பக் கஷ்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எதைக் கஷ்டம் என்றாள்? நடந்ததையா, நான் பேசியது புரிவதையா? நான் கேட்கவில்லை. அந்த இதயத்தை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றியும் பேசுவதில்லை.

7

எப்படியோ ஒரு பெயர் வந்துவிட்டது, இனி சான்றிதழாவது கிடைக்கட்டும் என்று போன ஆடி மாதம் ஊருக்குப் போனேன். நிலா வரவில்லை. ஹாக்கி முகாம் இருக்கிறதாம்.

அம்மா பாதியாகியிருந்தாள். தாலுகா ஆபீஸில் எங்களுக்கு முன்னால் மனை உட்பிரிவுக்கு வந்த கூட்டம் நின்றது. எங்கள் முறை வந்ததும் பட்டியலின் நகலையும் வரைபடத்தையும் கொடுத்தேன். எழுத்தர் இளைஞர், மரியாதையானவர். திரையில் அடித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இன்னாம்மா இது? இறந்தவர் பேரு சரவணன். அப்பா பேரு ஏழுமலை. இறந்த எடமும் ஏழுமலையா? அப்பா பேர எடத்துல தப்பா எழுதிட்டீங்க."

"தப்பில்ல சார். அந்த இடத்துக்கு அதான் பேரு."

"அவங்கப்பா பேர்லயே ஒரு ஊரு கீதா?"

"இவன் செத்ததாலதான் அந்தப் பேரு வச்சாங்க."

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், நான் நம்புறேன். மேல அனுப்பினா பிழைன்னு திருப்பிடுவாங்க. ஒண்ணு பண்ணுங்க. அவங்கப்பா இருக்கார்ல? இது என் பேர்ல வச்ச எடம், செத்தது என் பையன்தான்னு அவர் நோட்டரிகிட்ட ஒரு உறுதிமொழி குடுத்தா, நான் மேல பேசிப் பாக்குறேன்."

அம்மா குறுக்கிட்டாள். "கையெழுத்துக்கா? அந்த ஆளாண்டயா?"

எழுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமாம்மா, அப்பாதானே?" என்றார்.

8

அப்பா கையெழுத்துப் போடச் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு. சரவணனுக்கு இதுவரை காரியம் எதுவும் செய்யவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு என்ன காரியம் என்று அம்மா தள்ளிப்போட்டிருந்தாள். ஆடி அமாவாசையன்று மாமல்லபுரம் கடற்கரையில் தகப்பன் என்ற முறையில் தானே அதைச் செய்ய வேண்டும் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அம்மாதான், "வூடு எம் பேருக்கு வரணும்ல. வா, போலாம்" என்றாள்.

விடிந்ததுமே கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வரிசையாக ஐயர்கள் உட்கார்ந்து தர்ப்பணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியும் பொன்னாடையுமாக வந்தார். கூடப் பாராட்டு விழாக்காரர்கள் இரண்டு பேரும் ஒரு போட்டோகிராபரும். அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்து, "நல்லாகிறியாம்மா?" என்றார். நான் தலையசைத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மணலில் வாழையிலை போட்டு எள்ளும் தர்ப்பையும் வைத்தார்கள். உடலுக்குப் பதில் சரவணனின் போட்டோ. பொக்லைன் முன்னால் நின்று எடுத்தது. ஐயர் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். அப்பாவுக்கு நட்சத்திரம் தெரியவில்லை. அம்மா சொன்னாள்.

"எங்க காலமானார்?" என்றார் ஐயர்.

அப்பா பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஏழுமலையில. எம் பேர்ல ஒரு ஆறு கீது சாமி, அதுல." சொல்லிவிட்டு கேமரா பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்தாள். அவசரப்படவே இல்லை. குனிந்து, இலைக்கு முன்னால் இருந்த போட்டோவை எடுத்து, மணலை முந்தானையால் துடைத்தாள்.

"எங்க எட்த்துக்கினு போற? இன்னும் முடியல" என்றார் அப்பா.

"நீ உம் பேருக்குப் பண்ணிக்கோ. இவன எட்த்துக்கினு போறேன்."

"ஏய், கையெழுத்து வோணாமா?"

"அப்பவும் நீ போடல. இவன் படிச்சான்ல?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா இன்னும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டிருந்தார். அந்த நிமிஷம் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருங்குழி வரும்வரை அழுதாள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமலே கொடுத்த மனு திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில் 'விவரங்களில் பிழை' என்று இருந்தது.

9

நான் ஹோபார்ட் திரும்பிய பிறகு நிலா ஒரு வீடியோவைக் காட்டினாள். இந்த முறை தானாகவே கொண்டுவந்து காட்டினாள், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பையன் பேசுகிறான். அண்டார்டிகா வரைபடத்தில் தமிழ்ப் பெயர்! பனியாற்றின் தலைப்பகுதியில் இருக்கும் ஏழு மலை முகடுகளைக் கண்டு, ஆதிகாலத்தில் கடலோடிய தமிழர்கள் வைத்த பெயர் என்கிறான். முகடுகளை அம்புக்குறி போட்டு எண்ணிக் காட்டுகிறான். உண்மையில் அங்கே எத்தனை முகடு என்று எனக்குத் தெரியாது. அவன் எண்ணியபோது ஏழுதான் வந்தது. பார்த்தவர்கள் ஏராளம். கீழே எல்லாரும் மார்தட்டியிருந்தார்கள்.

சரவணன் என்று ஒருவன் அங்கே செத்தான் என்று நான் கீழே எழுதினேன். பொய் சொல்லாதே, தமிழின் பெருமையைக் குறைக்காதே என்று யாரோ பதில் போட்டார்கள். ஹென்ரிக்கிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். எப்படி விளக்குவது என்று புரியாமல் விட்டுவிட்டேன். அவனும் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்த நிலையமும் வழியை மாற்றிவிட்டது. அந்தப் பனியாற்றுப் பக்கம் இப்போது யாரும் போவதில்லை.

அம்மா வீட்டுவரியையும் கரண்ட் பில்லையும் இன்னும் அவன் பேரிலேயே கட்டுகிறாள். அடுத்தது என்ன செய்வது என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு பெண் வாசலில் வந்து கூப்பிட்டாள். அம்மா கைபேசியைக் கையில் பிடித்தபடியே போனாள். எனக்கு வாசற்படியும் அந்தப் பெண்ணின் செருப்பும் மட்டும் தெரிந்தன.

"ஏ. சரவணன். இந்த வீடுதானா?"

"இந்த வூடுதான்."

"கீறாராம்மா? இல்ல, எறந்துட்டாரா? எறந்திருந்தா சர்டிபிகேட் காட்டுங்க, பேர எடுத்துடலாம்."

செருப்புக் கால் ஒன்று இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தது.

"வெளிநாட்ல கீறான்" என்றாள் அம்மா.

"ஓட்டு போட வருவாரா?"

"எங்க வர்றது? லீவு குடுக்க மாட்றாங்கோ."

அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். "நீ இன்னா சமைச்ச?" என்றாள்.

சாம்பார் வைத்தேன் என்று சொன்னேன்.